தளத்தால் மாறும் படிகம்

கடல் வாணிகத்தின் பல நூற்றாண்டு வரலாற்றை ஒரு சிறு பரப்பினுள் திரட்டி வைத்திருக்கும் ஊர் கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி. மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள், 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஜெப ஆலயம், கொங்கணியரின் கோயில், குஜராத்தியரின் வீடுகள் ஆகியவை அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியில் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. டச்சுப் படையினரின் ஆடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு.

இவ்வூரின் 'டச்சு அரண்மனை'யைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். போர்ச்சுகீசியர் 1555 அளவில் அதைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைப் பழுது பார்த்தனர். கட்டியவர் பெயர் மறைய, பழுது பார்த்தவர் பெயரே நிலைத்தது. நாம் இங்கே காணப்போகும் விஞ்ஞான வரலாற்றிலும் இத்தகைய பெயர் விநோதங்கள் உண்டு.

இவ் வரலாறு ஒரு கல்லில் தொடங்குகிறது. மிக மெல்லிய ஆக்ஸைடுப் படலம் ஒன்று, தான் ஒட்டி வளரும் தளத்திற்கு ஏற்பத் தன் இயல்பையே மாற்றிக்கொள்கிறது என்னும் இக்கால உண்மையில் வந்து நிற்கிறது. இடையே உள்ள வழி நெடியது. ஆயினும் தொடர்பு அறாதது.

கொச்சியை ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே இலங்கையின் கரையோரங்களையும் ஆண்டது. கொழும்பு 1656-இலும் யாழ்ப்பாணம் 1658-இலும் அதன் வசமாயின. மலையாள நாட்டின் செடி கொடிகளை விவரிக்கும் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் பன்னிரண்டு பாக நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது, கொச்சியில் கம்பெனியின் ஆட்சித் தலைவராயிருந்த வான் ரீடு எடுத்த முயற்சியால்தான். மிளகுக்கும் இலவங்கப் பட்டைக்கும் வந்தவர்கள் செடியையும் கல்லையும் குறித்து அறிவதிலும் நாட்டம் கொண்டிருந்தனர்.

1703-இல் டச்சுக்காரர் இலங்கையிலிருந்து ஹாலந்துக்கு ஒரு கல்லைக் கொண்டு வந்தனர் என்ற செய்தி, 1707-இல் ஜெர்மனியில் வெளியான ஒரு நூலில் காணப்படுகிறது. அக் கல்லைச் சூடாக்கினால் அது சாம்பலைத் தன்பால் இழுக்கும். சிறிது நேரத்தில் அதே சாம்பலை உதறித் தள்ளும். டச்சுக்காரர் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று பொருள்படும் பெயரை இட்டனர். ஆனால் உலகில் நிலைத்த பெயர் அதுவன்று. சிங்களத்தில் மணிக்கற்களைக் குறித்த 'தோரமல்லி' என்னும் சொல்லே திரிந்து 'டூர்மலின்' ஆயிற்று. மொழிபெயர்ப்பில் நாள்தோறும் உழல்பவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. கல் கடல் கடந்து சென்றபோது ஊரின் சொல்லும் உடன் சென்று, அயலார் இட்ட பெயரை வென்று நின்றது.

அறிஞர்கள் அக் கல்லை விடவில்லை. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலிலேயே அதை 'மின்சாரக் கல்' என்று குறித்தார். 1756-இல் பெர்லினில் ஏப்பினுஸ் என்பவர் ஆராய்ந்து, சூடேறிய டூர்மலின் கல்லின் ஒரு முனையில் நேர் மின்னும் மறு முனையில் எதிர் மின்னும் தோன்றுகின்றன என்று நிலைநாட்டினார். 1824-இல் டேவிட் புரூஸ்டர் இவ்வியல்பை வேறு பல படிகங்களிலும் கண்டு, வெப்பமின் இயல்பு என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1880-இல் பாரிஸில் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர் இருவர், சூடு மட்டுமன்றி அழுத்தமும் படிகத்தில் மின்சாரத்தை எழுப்பும் என்று கண்டனர். படிகத்தின் வடிவுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு இவ்வாறு துலங்கலாயிற்று. வடிவு சிறிது திரிந்தால் மின்சாரம் தோன்றுகிறது. பௌதிக நூலோர் இவ் வடிவ மாறுதலைத் 'திரிபு' என்பர்.

அடுத்த படி ஒரு பேதி உப்பினால் நேர்ந்தது. பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்தைச் சேர்ந்த செஞெத் என்னும் மருந்துக்காரர் பதினேழாம் நூற்றாண்டில் செய்து விற்ற 'ரோஷெல் உப்பு' என்பது வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து. 1920-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக் கழகத்தில் ஜோசஃப் வாலசெக் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் இவ்வுப்பின் படிகத்தில் ஒரு புதுமையைக் கண்டார். இரும்பைக் காந்தத்தின் அருகே கொண்டு சென்று விலக்கினால் அதில் சிறிது காந்தம் எஞ்சி நிற்பது போல, மின்புலத்தை இட்டு நீக்கிய பிறகும் இப் படிகத்தில் மின்முனைவு எஞ்சி நின்றது. மின்புலத்தை எதிர்த் திசையில் இட்டால் முனைவும் திசை திரும்பியது. இரும்பின் போக்கை ஒத்திருந்தமையால் இவ்வகைப் பொருள்களுக்கு 'ஃபெரோமின் பொருள்கள்' என்னும் பெயர் வந்தது. 'ஃபெரம்' என்றால் இரும்பு. ஆனால் ரோஷெல் உப்பில் இரும்பு அணுவளவும் இல்லை. இது மற்றொரு பெயர் விநோதம்.

பழைய வானொலி நிலையங்களில் ஒலிவாங்கியாகவும், இசைத்தட்டுப் பெட்டியின் ஊசி முனையிலும் ரோஷெல் உப்புப் படிகம் உழைத்தது. ஆயினும் அதன் ஃபெரோமின் இயல்பு −18 டிகிரிக்கும் 24 டிகிரி சென்டிகிரேடுக்கும் இடையே மட்டுமே நிற்கும். கொச்சியின் பகல் வெப்பத்தில் அது தன் நினைவை இழந்த வெறும் படிகமே. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் பொருள் தாவும் இவ்வெல்லையைத்தான் 'நிலைமாற்றம்' என்கிறோம். பனிக்கட்டி நீராவது போன்றதே இதுவும். ஆனால் இங்கே பொருள் உருகுவதில்லை. திண்மமாகவே இருந்துகொண்டு, உள்ளே அணுக்களின் அணிவகுப்பை மட்டும் மாற்றிக்கொள்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா, ஜப்பான், சோவியத் நாடு ஆகிய மூன்றிடத்தும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பேரியம் டைட்டனேட் என்னும் ஆக்ஸைடின் ஆற்றல் வெளிப்பட்டது. உப்பைப் போல் நீரில் கரையாத உறுதியான பொருள் அது. அதன் அமைப்பை ஒரு சிறு கனசதுர அறையாக எண்ணிப் பார்க்கலாம். எட்டு மூலைகளிலும் பேரியம். ஆறு முகங்களின் நடுவிலும் ஆக்ஸிஜன். அறையின் மையத்தில் டைட்டேனியம். 120 டிகிரிக்கு மேல் டைட்டேனியம் நடு இடத்திலேயே நிற்கும். அதற்குக் கீழே குளிர்ந்ததும் அது ஏதேனும் ஒரு முகத்தை நோக்கிச் சிறிது நகர்ந்துவிடும். அறையும் அத்திசையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு நீண்டுவிடும். நேர் மின்னேற்றம் ஒரு புறமும் எதிர் மின்னேற்றம் ஒரு புறமுமாகச் சாய்வதால் மின்முனைவு பிறக்கிறது. நம் கைப்பேசி ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் அமைந்துள்ள சிறு மின்தேக்கிகளுள் பெரும்பாலானவை இப் பொருளின் வழிவந்தவையே.

டைட்டேனியம் ஏன் நகர்கிறது? மாற்றம் நேருமுன் படிகத்தினுள் என்ன நிகழ்கிறது? இவ் வினாவுக்கு விடை தேடும் வழியை முதலில் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டில் நிகழ்ந்தது.

1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கல்கத்தாவில் உழைத்து, 1928-இல் ஒளிச்சிதறலில் புதிய விளைவைக் கண்டு, 1930-இல் நோபெல் பரிசு பெற்ற சி. வி. ராமன் 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்தார். தம் பெயரால் வழங்கும் அவ் விளைவு, படிகத்தினுள் அணுக்கள் அதிரும் அதிர்வெண்களை ஒளியின் வாயிலாக அறியும் கருவியாயிற்று. அவரும் அவர் மாணவர் டி. எம். கே. நெடுங்காடியும் படிகக்கல்லை, அதாவது குவார்ட்ஸை, சிறிது சிறிதாகச் சூடாக்கி ஆராய்ந்தனர். குவார்ட்ஸ் ஃபெரோமின் பொருள் அன்று. ஆனால் 573 டிகிரியில் அதன் உள்ளமைப்பு மாறும். அவ்வெல்லையை நெருங்க நெருங்க, குறிப்பிட்ட ஓர் அதிர்வு மட்டும் தளர்ந்து, அதன் அதிர்வெண் குறைந்து, நிறமாலையில் அதன் கோடு மங்கிப் படர்ந்ததைக் கண்டனர். அவ்வதிர்வே அமைப்பு மாறுதலுக்குக் காரணமாகும் என்றும் கருத்துரைத்தனர். 1940-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியாயிற்று.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உலகம் இதன் பொருளை முழுதும் உணரவில்லை. 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் வில்லியம் காக்ரனும் பிலிப் ஆண்டர்சனும், ஃபெரோமின் படிகங்களின் நிலைமாற்றம் இவ்வாறு மெலிந்துவரும் ஓர் அதிர்வினாலேயே நேர்கிறது என்று கொள்கை வகுத்தனர். 'மென்னதிர்வு' என்று அதனைச் சொல்லலாம். குவார்ட்ஸில் அவ்வதிர்வின் தன்மை ராமன் காலத்தில் எண்ணியதைவிடச் சிக்கலானது என்று பின்னைய ஆய்வுகள் காட்டின. எனினும் அடிப்படைக் கருத்து நிலைத்தது. கொள்கையின் பெயரோடு காக்ரனும் ஆண்டர்சனும் நினைக்கப்படுகின்றனர். பெங்களூரில் அக் கோட்டை முதலில் கண்ட கண்களை நினைப்பவர் சிலரே. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. டச்சு அரண்மனையைப் பார்க்கும்போது போர்ச்சுகீசியத் தச்சரையும் நினைப்பது வரலாற்று நேர்மை, அத்தகையதே இதுவும்.

ராமனிடம் பயின்ற மற்றொருவர் மட்டாஞ்சேரியின் உப்பங்கழிக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில், 1922-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அவரே ஜி. என். ராமச்சந்திரன். அவர் தந்தை எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். புரதங்களைப் பற்றிய ஆய்வால் பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய ராமச்சந்திரன், இளமையில் படிக பௌதிகத்தில் உழைத்தவர். வைரம் முதலிய படிகங்கள் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது அவற்றினூடே செல்லும் ஒளி எவ்வாறு மாறுகிறது என்று ஆராய்ந்தார். திரிபு படிகத்தின் இயல்பை மாற்றும் என்னும் பாடத்தை அவர் ஒளியின் வழியே கற்றுத் தந்தார்.

இனி, மென்படலத்துக்கு வருவோம். படிகத்தைக் கையில் பிடித்து அழுத்தித் திரிபு உண்டாக்கலாம். ஆனால் ஆக்ஸைடுகள் பீங்கானைப் போன்றவை. சிறிது இழுத்தாலே உடைந்துவிடும். நூற்றில் ஒரு பங்கு நீட்டுவதற்குள் வெடிப்பு விழும். ஆகவே விஞ்ஞானிகள் வேறொரு வழியைக் கைக்கொண்டனர்.

மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தின் தரையைப் பார்த்தவர்களுக்கு அவ்வழியை எளிதில் விளக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்துக் கான்டனிலிருந்து தருவித்த பீங்கான் ஓடுகள் அங்கே பாவப்பட்டுள்ளன. வெண்மையில் நீலம் கொண்டு கையால் தீட்டியவை அவை. இப்போது மனத்தில் ஒரு கற்பனை செய்யுங்கள். அத் தரையின் மேல், ஓட்டுக்கு ஓடு நேராகப் பொருந்துமாறு, மற்றொரு வகை ஓடுகளைப் பாவ வேண்டும். ஆனால் புதிய ஓடுகள் நூற்றில் ஒரு பங்கு பெரியவை. சாதாரண ஓடுகளாயின் வரிசைகள் செல்லச் செல்லப் பொருத்தம் விட்டுப் போகும். நெகிழும் ஓடுகளாயின், கீழேயுள்ள ஓடுகளின் அளவுக்குப் பக்கவாட்டில் ஒடுங்கும்; ஒடுங்கிய அளவுக்கு ஈடாக மேல் நோக்கி உயரும்.

அணுக்களின் உலகில் இது மெய்யாகவே நிகழ்கிறது. நன்கு மெருகிட்ட ஒரு படிகத் தளத்தின் மேல் மற்றொரு படிகத்தை அணு அடுக்காகப் படியவிட்டால், புதிய அடுக்கு தளத்தின் அளவைத் தன் அளவாக ஏற்றுக்கொள்கிறது. உடைந்துபோக வேண்டிய திரிபையும் அது தாங்கிக்கொள்கிறது. பரப்பு முழுவதும் தளம் அதைப் பற்றியிருப்பதே காரணம். படலம் தடிக்கத் தடிக்க உள்ளே சேரும் நெருக்கடி மிகும். ஓர் எல்லைக்கு அப்பால் அணு வரிசைகளில் இடையிடையே முறிவுகள் தோன்றி, படலம் தன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆகையால் மெல்லிய படலமே இதற்கு ஏற்றது. மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு நானோமீட்டர். இப் படலங்களின் தடிப்பு சில நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரையே.

இத்தகைய ஆக்ஸைடுப் படலங்களைச் செய்யும் கலைக்கு 1987-இல் ஒரு புது வழி திறந்தது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக் கூடத்தில் டி. வெங்கடேசனும் உடன் உழைத்தோரும், லேசர் ஒளித் துடிப்புகளால் ஓர் ஆக்ஸைடு வில்லையைத் தாக்கி, எழும் ஆவியைச் சூடான தளத்தின் மேல் படியச் செய்து, மீக்கடத்திப் படலம் அமைத்தனர். வில்லையில் உள்ள தனிமங்களின் விகிதம் கெடாமல் படலத்திலும் அமைவது இம்முறையின் சிறப்பு. இன்று உலகெங்கும் இம்முறை வழங்குகிறது. கொச்சியை அடுத்த களமசேரியில், 1971-இல் தோன்றிய கொச்சிப் பல்கலைக் கழகத்திலும் லேசர் கொண்டு ஆக்ஸைடுப் படலம் படியவைக்கும் ஆய்வு நடந்துள்ளது.

தளம் படலத்தைப் பற்றிக்கொண்டால் நிலைமாற்றம் என்னவாகும்? 1998-இல் பெர்ட்செவ், ஜெம்பில்கோட்டோவ், தாகன்ட்செவ் என்னும் மூன்று ரஷ்ய அறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டினர். தனிக் கட்டியாக உள்ள பேரியம் டைட்டனேட் 120 டிகிரியளவில் சட்டென்று தாவி மாறுகிறது. தளத்தில் பற்றிய படலத்தில் அத் தாவல் மறைந்து, மாற்றம் படிப்படியாக நிகழும். மேலும், பக்கவாட்டில் அமுக்கினாலும் சரி, இழுத்தாலும் சரி, மாற்றம் நேரும் உஷ்ணநிலை உயரும். அமுக்கினால் மின்முனைவு தளத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும். இழுத்தால் தளத்தோடு படுத்துக்கொள்ளும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2004-இல், சோதனைகள் இதனை மெய்ப்பித்தன. சோயும் உடன் ஆய்ந்தோரும் பேரியம் டைட்டனேட் படலத்தைத் தன்னிலும் சிறிய அளவுள்ள ஸ்காண்டேட் படிகங்களின் மேல் வளர்த்தனர். திரிபு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அவ்வளவிலேயே நிலைமாற்ற உஷ்ணநிலை ஏறக்குறைய 500 டிகிரி உயர்ந்தது. எஞ்சி நிற்கும் மின்முனைவு கட்டிப் படிகத்தில் உள்ளதைவிடக் குறைந்தது 250 விழுக்காடு மிகுந்தது.

அதே ஆண்டில் ஹேனியும் குழுவினரும் கண்டது இன்னும் வியப்பானது. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்னும் உறவுப் பொருள், எவ்வளவு குளிர்வித்தாலும் தானாக ஃபெரோமின் நிலையை அடைவதில்லை. அதன் மென்னதிர்வு மெலிந்து மெலிந்து வரும். ஆனால் முற்றிலும் உறைவதில்லை. குவாண்டம் விதிப்படி அணுக்கள் கடுங்குளிரிலும் ஓயாமல் துடிப்பதால் நிலைமாற்றம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இப் பொருளை நூற்றில் ஒரு பங்களவு நீட்டிப் பிடிக்கும் டிஸ்ப்ரோசியம் ஸ்காண்டேட் தளத்தின் மேல் வளர்த்தபோது, அது அறை வெப்பத்திலேயே ஃபெரோமின் பொருளாயிற்று. தனித்திருந்தபோது என்றும் எய்தாத ஒரு நிலையைத் தளத்தின் துணையால் எய்தியது.

இத் துறையில் இன்று முன்னணியில் உள்ளவர்களுள் ஒருவர் ஆர். ரமேஷ். சென்னைப் பல்கலைக் கழகத்தில் இரசாயனம் பயின்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் உலோகவியல் கற்று, கலிபோர்னியாவின் பெர்க்லியில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஃபெரோமின் படலங்களை நினைவகமாகப் பயன்படுத்துவதில் ஒரு பெருந்தடை இருந்தது. மீண்டும் மீண்டும் திசை திருப்பும்போது படலம் களைத்து நினைவை இழந்துவிடும். உலோக மின்வாய்களுக்கு மாறாக ஆக்ஸைடு மின்வாய்களை அமைத்தால் அக் களைப்பு நீங்குமென்று காட்டியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. படலத்தைத் தொட்டு நிற்கும் அண்டைப் பொருள், படலத்தின் இனத்தோடு ஒத்ததாயின் அது நீடித்து உழைக்கிறது. 2009-இல் அவர் குழுவினர், பிஸ்மத் ஃபெரைட்டு என்னும் ஆக்ஸைடை நூற்றில் நான்கு பங்குக்கும் மேலாக ஒடுக்கும் தளத்தில் வளர்த்தபோது அதன் அமைப்பே வேறாகிவிடுவதையும், சற்றே தடித்த படலத்தில் இரு அமைப்புகளும் அருகருகே அமைவதையும் வெளியிட்டனர்.

இவற்றால் விளையும் பயன் யாது? மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறவாத நினைவகம், மிகக் குறைந்த மின்செலவில் இயங்கும் கணிப்பொறிகள், நுண்ணிய உணர்விகள் ஆகியவை. அவற்றுள் சில நடைமுறைக்கு வந்துவிட்டன. சில ஆய்வுக் கூடங்களில் உள்ளன. இதற்கு முன் புதிய இயல்பு வேண்டுமாயின் புதிய பொருளைத் தேட வேண்டியிருந்தது. இப்போது அதே பொருளுக்குத் தக்க தளத்தைத் தேடினாலும் போதும் என்றாயிற்று. தேடலின் திசையையே இது மாற்றியிருக்கிறது.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவருக்கு இவ் வரலாற்றைக் கேட்கும்போது வேறோர் எண்ணமும் எழலாம். அயல் மண்ணில் இருப்பது இயல்பைத் தேய்க்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கவலை. படிகம் கூறும் செய்தி வேறு. ஸ்ட்ரான்ஷியமும் டைட்டேனியமும் ஆக்ஸிஜனும் அவையே. ஓர் அணுவும் மாறவில்லை. ஆனால் தளத்தோடு பொருந்தி நின்றதால், உள்ளே உறங்கிய ஓர் ஆற்றல் விழித்தது. பொருத்தம் அளவு கடந்த நெருக்கடியானால் முறிவும் நேர்கிறது. உவமையை இதற்கு மேல் இழுத்தல் தகாது. மனிதர் படிகங்கள் அல்லர். எனினும் திருச்சியில் பிறந்தவர் கல்கத்தாவிலும், எர்ணாகுளத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை பெங்களூரிலும், சென்னையில் பயின்றவர் பெர்க்லியிலும் தம் பணியைச் செய்தனர் என்பது உவமையன்று, வரலாறு.

மட்டாஞ்சேரிக்குச் செல்லும் நேயர்கள் அரண்மனையின் இராமாயண ஓவியங்களைக் கண்டு வருவது வழக்கம். ஜெப ஆலயத்துக்குள் செல்ல நேர்ந்தால் சிறிது குனிந்து தரையையும் பாருங்கள். சீனத்து ஓடுகள் கொச்சி மண்ணின் மேல் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒன்றோடொன்று பொருந்திக் கிடக்கின்றன.